ஜன்னல் மூடக் கூடாத வீடு

இதைப் படித்துவிட்டு, "களைப்பில் எதையோ பார்த்திருப்பாய்" என்று எனக்கு விளக்கம் சொல்ல நினைப்பவர்கள் தயவுசெய்து சிரமப்பட வேண்டாம். அதை ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டார்கள். நான் பேராதனையில் நாலு வருஷம் படித்தவள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம். அப்படிப்பட்ட எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேரங்கள் எல்லாம் என் போனில் பார்த்த நேரங்கள். ஒரு நிமிஷம் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

2024 நவம்பரில் நானும் அக்காவும் வீடு தேடிக்கொண்டிருந்தோம். அக்கா கஜலட்சுமி எனக்கு ஒன்பது வயது மூத்தவள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அவள் ஹேவாஹெட்டயிலிருந்து பஸ் ஏறி கட்டுநாயக்க கார்மென்டுக்குப் போனாள். பதினோரு வருஷம் அங்கே காலர் தைத்தாள். என்னைப் படிக்க வைத்தது அவள்தான், வேறு யாரும் இல்லை. பட்டம் வாங்கினேன். வேலை வரவில்லை. அந்தக் கோபத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம், இப்போது வேண்டாம்.

அக்கா பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள். ஜோர்தானில் ஒரு கார்மென்ட், மூன்று வருஷ ஒப்பந்தம். நான் கெஞ்சி ஒரு வாக்கு வாங்கினேன். ஜனவரியில் பாடசாலை தொடங்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வெள்ளைத் துணி கொடுப்பார்கள். அதைத் தைக்க ஆள் வேண்டும். அந்த ஒரு சீசனைச் சொந்தமாகச் செய்து பார்ப்போம், சொன்ன நாளில் எல்லாவற்றையும் கொடுத்து முடித்தால் நீ போகக் கூடாது என்றேன். சரி என்றாள். முடியாவிட்டால் பெப்ரவரியில் விமானம்.

கண்டியில் கடை அறை எடுப்பதெல்லாம் எங்களுக்கு எட்டாத விஷயம். குடியிருக்க ஒரு வீடு எடுத்து, அதிலேயே தொழில் செய்யச் சம்மதம் கேட்பதுதான் ஒரே வழி. பதினோரு வீடு பார்த்தோம். எல்லாரும் முதலில் ஊரைக் கேட்டார்கள். சொன்னதும், "எஸ்டேட்டா?" அதற்குப் பிறகு தொழில் என்ற சொல்லையும் சேர்த்தால், வீட்டை நேற்றே யாருக்கோ கொடுத்துவிட்டதாக ஞாபகம் வந்துவிடும்.

பன்னிரண்டாவது வீடு கடுகண்ணாவையில். மலைச்சரிவில் கட்டிய வீடு. மேல்தளம் கொழும்பு ரோட்டைப் பார்க்கும். கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி தனி வாசலோடு ஒரு பெரிய அறை, சமைக்க ஒரு சின்னக் குசினி, இரண்டு ஜன்னல். அதுதான் வாடகைக்கு. மேலே ஆஸியா உம்மா தனியாக இருந்தார். அறுபது வயதிருக்கும். ஊரைக் கேட்கவில்லை. தொழிலைத்தான் கேட்டார்.

தையல் என்றோம்.

ஆஸியா உம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பிறகு, அயன் பண்ணுவீர்களா என்று கேட்டார். பள்ளிக்கூடக் கவுனுக்கு மடிப்பு வைத்தால் அயன் பண்ணாமல் எப்படி என்றாள் அக்கா. எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான். பதினோரு வீட்டில் கிடைக்காதது ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது.

கண்டியில் நொத்தாரிஸிடம் ஒப்பந்தம் எழுதினோம். வீட்டைக் குடியிருக்கவும் தொழிலுக்கும் பாவிக்கலாம் என்பது முதல் நிபந்தனை. அதை இரண்டு தடவை சத்தமாக வாசிக்கச் சொன்னார் ஆஸியா உம்மா. நான்கு நிபந்தனையும் முடிந்த பிறகு, இன்னொன்று சேர்க்க வேண்டும் என்றார். வேலை நடக்கும்போது இரண்டு ஜன்னலும் திறந்தே இருக்க வேண்டும். மூடினால் ஒப்பந்தம் ரத்து.

நொத்தாரிஸ் சிரித்துவிட்டார். ஜன்னலுக்கெல்லாம் யார் நிபந்தனை எழுதுவார்கள்? ஆஸியா உம்மா சிரிக்கவில்லை.

நான் ஏன் என்று கேட்டேன்.

"காத்து வரோணும் புள்ள," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. இதை நான் முன்பே ஒரு தடவை அனுபவித்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம், விடுதி அறைக்கு ஒரு பிள்ளையின் தாய் வந்தாள். நான் இருந்த பக்கத்து ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, மூக்கைத் தொட்டுக்கொண்டாள். தோட்டத்துப் பிள்ளை இருந்த அறை அல்லவா. அந்த ஜன்னல்தான் இப்போது ஒப்பந்தத்தில் ஐந்தாவது நிபந்தனையாக வந்து நிற்கிறது என்று நினைத்தேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். கையெழுத்துப் போட்டேன்.

குடிபோன அன்று ஜன்னல் சட்டங்களைத் துடைத்தோம். இடுக்குகளில் ஏதோ அடைத்திருந்தது. கத்திமுனையால் நெம்பி இழுத்தேன். வெள்ளைத் துணி. விரல் அகலத்தில் நாடா நாடாவாக வெட்டி, மடித்து, இடைவெளி இல்லாமல் சுற்றிவரத் திணித்திருந்தார்கள். கதவின் அடியிலும் அதேபோல. குளிருக்குச் செய்திருப்பார்கள் என்றேன். அக்கா ஒரு நாடாவை விரித்துப் பார்த்தாள்.

"ஓரம் மடிச்சுத் தச்சிருக்கு சஞ்சு. குளிருக்கு அடைக்கிற துணிக்கு யாராச்சும் ஓரம் தைப்பாங்களா?"

டிசம்பர் நல்லபடியாகப் போனது. வீடு வீடாகப் போய் நானே துணி வாங்கி வந்தேன். ஒவ்வொரு துணியிலும் பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம், அளவு எழுதிய துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்துவேன். எண்பத்தாறு கவுன் சேர்ந்தது. அக்கா வெட்டித் தைப்பாள். நான் பட்டன், மடிப்பு, அயன்.

டிசம்பர் 19. வியாழக்கிழமை. அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்தது. வெள்ளைத் துணி ஈரமாகும் என்று இரண்டு ஜன்னலையும் மூடினேன். போனைப் பார்த்தேன். மாலை 6.14.

தக்...

நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

தக்... தக்...

மெஷின் சத்தம். ஆனால் கரண்டில் ஓடுகிற சத்தம் இல்லை. பக்கத்துச் சக்கரமான சில்லைக் கையால் பிடித்து, ஒவ்வொரு தையலாக இறக்கினால் எப்படி இருக்கும்? அப்படி. யாருக்கோ கேட்டுவிடும் என்று பயந்து பயந்து தைக்கிற மாதிரி. அக்காவின் மெஷினைப் பார்த்தேன். சில்லு அசையவில்லை. சத்தம் அதற்குப் பின்னால், சுவர் மூலையிலிருந்து வந்தது.

வெளியே ஏதாவது தட்டுகிறதா என்று ஜன்னலைத் திறந்தேன். நின்றுவிட்டது.

மூடினேன்.

தக்...

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அக்கா வரும் வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். பல்கலைக்கழகத்தில் இதுதான் சொல்லிக் கொடுத்தார்களா என்பாள்.

ஜனவரி பிறந்தது. ஒன்பதாம் திகதி றிஸ்னா வந்தார். கடுகண்ணாவை டவுனில் இருப்பவர், இரண்டு பெண் பிள்ளைகளுக்குக் கவுன் கொடுத்திருந்தார். முந்தின நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டியதாகச் சொன்னார். ஜன்னல் மூடியிருந்ததாம். கண்ணாடி வழியாகப் பார்த்தாராம்.

"மத்த அக்கா உள்ளுக்கு ஈந்தா. வெரல வாயில வெச்சி, சத்தம் போட வாணாம்ண்டு சைகை காட்டினா. புள்ள தூங்குதாக்கும்ண்டு நெனச்சிட்டு நான் பேய்ட்டேன்."

எங்களிடம் பிள்ளை இல்லை. மற்ற அக்காவும் இல்லை. முந்தின நாள் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் இருவரும் கண்டியில் பட்டன் வாங்கிக்கொண்டிருந்தோம். கதவைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து அக்கா தனியாக அந்த அறையில் இருக்கவில்லை.

பிறகு போர்டு. "கஜா தையலகம்" என்று எழுதி வாசலில் மாட்டியிருந்தேன். ஜனவரி 22 காலையில் அது வாசலில் இல்லை. அறைக்கு உள்ளே, கதவுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. ஒரு துண்டு வெள்ளைத் துணியால் பக்குவமாகப் போர்த்தியும் இருந்தது. மறுபடி மாட்டினேன். 23 காலையிலும் அப்படியே. 24 காலையிலும்.

இது ஆஸியா உம்மாவின் வேலை என்றேன் நான். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. எஸ்டேட்காரியின் பெயர் தன் வீட்டில் தொங்குவது பிடிக்கவில்லை.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுத்தானேடி படுத்தோம்?" என்றாள் அக்கா.

என்னிடம் கோபம்தான் இருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது என்று இப்போது தெரிகிறது.

ஜனவரி 25, சனிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். எண்பத்தாறு கவுனும் தைத்தாயிற்று. ஐம்பத்தைந்து அயன் பண்ணி முடிந்தது. முப்பத்தொன்று பாக்கி. ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருந்தோம். காலையில் பார்த்தால் போர்டு மறுபடி உள்ளே. நான் மேலே ஏறிப் போனேன்.

கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸியா உம்மா கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கியபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார். போர்டு எந்தப் பக்கம் திருப்பி இருந்தது?

சுவர்ப் பக்கம் என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "ஜன்னல் தொறந்துதானே புள்ள ஈக்கி?"

"எங்க நாத்தம் ஒங்களுக்கு மேல வரைக்கும் வருதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது. நான் அதற்கும் நிற்கவில்லை. கீழே வந்து, அவர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஜன்னலையும் இழுத்து மூடித் தாழ்ப்பாள் போட்டேன்.

பகல் முழுக்க மழை. மாலை 4.35க்குக் கரண்ட் போனது. ரோட்டில் எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்ததாம், இரவு வராது என்றார்கள். அக்கா குடையை எடுத்துக்கொண்டு டவுன் லாண்டரிக்குப் போய், கரி போட்டுத் தேய்க்கிற பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு சாக்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரியும். லயத்தில் எங்களுக்குப் பழக்கமான சாமான்தான். ஆனால் அங்கே வாசலில் வைத்துத் தேய்ப்போம். வாசலில் மழை.

பழைய தாச்சிச் சட்டி ஒன்றில் கரியைப் பற்ற வைத்து, அறைக்கு நடுவில் வைத்தோம். மெழுகுதிரி இரண்டு. ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா என்று அக்கா கேட்டாள்.

"வேணாம். சாரல் அடிச்சா வெள்ளைத் துணி போச்சு."

உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. அந்த மனுஷிக்காகத் திறக்கக் கூடாது என்று இருந்தேன். அக்கா கதவடியில் தண்ணீர் வருகிறதென்று பழைய துணியைத் திணித்து அடைத்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

5.30க்குத் தேய்க்க ஆரம்பித்தோம்.

6.05. பன்னிரண்டு கவுன் முடிந்தது. நெற்றி இரண்டு பக்கமும் வலித்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் வேலை செய்வதால் என்று நினைத்தேன்.

6.12. அக்கா மடிப்பைத் தப்பாக மடித்தாள். பிரித்தாள். மறுபடி தப்பாக மடித்தாள். பதினோரு வருஷத்தில் அவள் கை தவறி நான் பார்த்ததில்லை.

"கொஞ்சம் ஒக்காந்துக்கிறேன் சஞ்சு."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிரித்தாள். தூக்கம் வருகிறது என்றாள்.

6.18.

தக்...

கரண்ட் இல்லை. மெஷின் ஓட வழியே இல்லை.

தக்... தக்...

அதே மூலை. நான் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. ஒடுங்கின முதுகு. முன்னால் ஒரு சின்னக் கைமெஷின். அப்படி ஒரு மெஷின் அந்த வீட்டில் இல்லை. இடக்கையால் துணியைப் பிடித்து, வலக்கையால் சில்லை மெதுவாக... மெதுவாக... மடியில் வெள்ளை.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் என்னுடையதாக இல்லை.

"அக்கா..."

அக்கா சாய்ந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது.

சத்தம் நின்றது.

அவள் எழுந்தாள்.

எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலுக்குப் போனாள்.

கை தாழ்ப்பாளில்.

க்ரீச்...

முதல் ஜன்னல்.

காற்று. மெழுகுதிரி அணைந்தது.

க்ரீச்...

இரண்டாவது.

மழை என் முகத்தில் அடித்தது.

பள்ளத்தாக்கின் கடைசி வெளிச்சத்தில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது... ஜன்னலைத் திறந்தவள் ஓடவில்லை. மறையவில்லை. ஜன்னலுக்குக் கீழே சட்டென்று குந்திக்கொண்டாள். மேலே இருந்து யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு... முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு...

பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். எனக்கில்லை. மேலே இருப்பவருக்கு.

6.24 என்று போனில் பார்த்தது ஞாபகம். அதற்குப் பிறகு இல்லை.

ஜன்னல் கதவு சுவரில் அடிக்கிற சத்தம் கேட்டு ஆஸியா உம்மா டோர்ச்சோடு இறங்கி வந்திருக்கிறார். தன்னிடமிருந்த சாவியால் திறக்கப் பார்த்தாராம். கதவு பூட்டியே இருக்கவில்லை. அடியில் திணித்த துணியும் எடுத்து ஒதுக்கப்பட்டிருந்தது. அறுபது வயது மனுஷி அக்காவைத் தனியாக வாசலுக்கு இழுத்துப் போட்டு, பிறகு என்னை இழுத்து, ரோட்டுக்கு ஓடி ஒரு த்ரீவீலை மறித்தார்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஒக்சிஜன் வைத்தார்கள். கரிப் புகை, இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார் டொக்டர். ஜன்னலைத் திறந்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். வேறென்ன சொல்ல?

இரவு 8.20 இருக்கும். வெளிவாசல் மர வாங்கில் ஆஸியா உம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் தஸ்பீஹ் மணிமாலையைக் கையில் வைத்திருந்தார். உருட்டவில்லை.

அந்தக் கீழ் அறையில் இதற்கு முன் சீதா என்றொருத்தி குடியிருந்தாள் என்றார். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டம். புருஷன் விட்டுப் போனவன். ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. அவளும் கார்மென்டில் இருந்து வந்தவள்தான். 2022 தொடக்கத்தில் மேலே வந்து, வீட்டில் தையல் வேலை செய்யலாமா, வாசலில் ஒரு போர்டு போடலாமா என்று கேட்டிருக்கிறாள்.

"வீடு குடியிருக்கத்தான் தந்த, கட போட இல்லண்டு செல்லிட்டேன். தொழில் செய்றெண்டா வெளியாகோணும்ண்டும் செல்லிட்டேன். அவ ஒண்டும் பேசல்ல. சரி உம்மாண்டிட்டு எறங்கிப் பேய்ட்டா."

இறங்கிப் போய், துணியை நாடாவாக வெட்டி ஜன்னலை அடைத்தாள். கதவை அடைத்தாள். மேலே சத்தம் கேட்காமல் இருக்க, மெஷினின் சில்லைக் கையால் சுற்றித் தைத்தாள்.

அந்த வருஷம் ஏப்ரல் எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். நாடு முழுக்கக் கரண்ட் இல்லை, காஸ் இல்லை. நோன்பு மாதம். ஆஸியா உம்மா தினமும் நோன்பு திறக்கும்போது சீதாவின் பிள்ளையைக் கூப்பிட்டுக் கஞ்சி கொடுப்பார். சீதாவும் சந்தோஷமாக அனுப்புவாள். பிள்ளை மேலே இருக்கிற அந்த நேரத்தில்தான் அவள் கவுன் தேய்த்தாள். கரிப் பெட்டியில். புகை மேலே போகாமல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு.

"புள்ள ரெண்டாவது கோப்பக் கஞ்சி கேட்டிச்சி. ஊத்திக் குடுத்தேன். அந்த நேரம் கீழ அவ..."

தஸ்பீஹைச் சுருட்டி மடியில் வைத்தார்.

நான் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்களும் வீட்டை எடுக்க மாட்டீர்கள் என்றார். ஒரு தையற்காரிக்காவது அந்த வீட்டில் இடம் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தாராம். நான் அன்று காலை அவரிடம் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அக்காவை அனுப்பினார்கள். கரண்ட் வந்திருந்தது. வாடிக்கையாளர்களுக்குப் போன் பண்ணி மாலை வரச் சொன்னேன். இரண்டு ஜன்னலையும் அகலத் திறந்து வைத்து, மிச்சம் பத்தொன்பது கவுனையும் மின்சாரப் பெட்டியில் தேய்த்தோம். ஆஸியா உம்மா கீழே வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மடித்துச் சீட்டோடு கட்டிக் கொடுத்தார். ஐந்து மணிக்குள் எண்பத்தாறும் போய்விட்டது. சொன்ன நாளில் முடித்தோம், அக்கா ஜோர்தானுக்குப் போகவில்லை.

மேசையில் ஒன்று மிஞ்சியிருந்தது.

சீட்டு இல்லை. பெயர் இல்லை. வாங்கினவர்கள் கையெழுத்துப் போட்ட கொப்பியை மறுபடி பார்த்தேன். எண்பத்தாறு பெயர், எண்பத்தாறு கையெழுத்து. அக்கா அந்தக் கவுனை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். தையலில் விரலை ஓட்டினாள்.

"இது என் கை இல்ல," என்றாள். "இது கையால சில்லு சுத்தித் தச்சது."

துணி சூடாக இருந்தது. சிரட்டைக் கரி வாசம் அடித்தது.

அக்காதான் சீதாவின் பிள்ளை எங்கே என்று கேட்டாள். பெயர் நிரஞ்சனி என்றார் ஆஸியா உம்மா. நாவலப்பிட்டியில் சீதாவின் அக்கா வீரம்மாவிடம் வளர்கிறாள். அம்மா செத்த அன்று போன பிள்ளை இந்தப் பக்கம் திரும்பி வரவில்லை. ஆஸியா உம்மா பெருநாளுக்குப் பெருநாள் போன் பண்ணுவார். அவ்வளவுதான் தொடர்பு.

பெப்ரவரி 2. அக்காவும் நானும் ரயிலில் போனோம். ஆஸியா உம்மா வரவில்லை. வர முகமில்லை என்றார்.

வீரம்மாவிடம் என்ன சொல்வது? சீதாவின் பழைய வீட்டில் இருக்கிறோம், பிள்ளைக்கு ஒரு கவுன் தைத்தோம் என்று மட்டும் சொன்னோம். பிள்ளை உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒன்பது வயது. மெலிந்த பிள்ளை. கவுன் நீளம் சரி, இடுப்புச் சரி. மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி நின்றது. அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு கழுத்துப் பட்டியை மூக்கோடு சேர்த்து மோந்தாள். கழற்றச் சொன்னபோது மாட்டேன் என்று தலையாட்டினாள்.

அக்கா அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பை எடுத்தாள். வலத் தோள் அளந்தாள். இடத் தோள் அளந்தாள். மறுபடி அளந்தாள்.

பிள்ளையின் இடத் தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. கவுனின் இடத் தோளும் அரை அங்குலம் இறக்கித்தான் வெட்டியிருந்தது.

அம்மாவின் வயிற்றிலிருந்தே அப்படியா என்று அக்கா கேட்டாள்.

"இல்லம்மா. கொய்யா மரத்துல ஏறி விழுந்துருச்சு. எலும்பு எறங்கியே ஒட்டிக்கிச்சு. அன்னையிலருந்து எந்தச் சட்ட போட்டாலும் இந்தப் பக்கம் வழியும். இதுதான் ஒட்டி நிக்குது." வீரம்மா பிள்ளையின் தோளைத் தடவினார். "அளவு யாரும்மா குடுத்தது?"

அக்கா டேப்பைச் சுருட்டினாள். நான் எப்போது விழுந்தாள் என்று கேட்டேன்.

2023 ஆகஸ்ட் லீவில் என்றார்.

சீதா செத்து அப்போது ஒரு வருஷமும் நான்கு மாதமும்.